டிஆர்எல்லுக்கு ஒரு சுவிட்ச்: நாம் மறந்தாலும் அது நூர வேண்டும்

போன தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டு வந்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தச் சுவிட்ச் பைத்தியம். காரை வெள்ளவத்தையில் வீட்டு ஒழுங்கைக்குள் விட்டுவிட்டு, கோட்டையில் ரயில் ஏறி, நாலு நாள் கழித்து வந்து சாவியைத் திருகினால் ஒரு ‘டிக்’ சத்தம்கூட இல்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் எடுத்த பிறகுதான் பார்த்தேன், பம்பரில் பூட்டியிருந்த டிஆர்எல் (பகலில் எரியவென்றே இருக்கும் முன் லைற்) இரண்டும் பளிச்சென்று எரிகின்றன. ரயிலுக்கு அவசரமாக ஓடிய பகலில் சுவிட்சை ஓஃப் பண்ண மறந்திருக்கிறேன். நல்ல வெயிலில் அது எரிந்தது கண்ணில் படவும் இல்லை.

கணக்குப் பார்த்தால் அந்த பற்றரி முதல் நாளே போயிருக்கும். இரண்டு லைற்றும் சேர்ந்து 20 வாட்ஸ் என்றால் 12 வோல்ற்றில் ஏறக்குறைய 1.7 அம்பியர். ஒரு முழு நாளுக்கு 40 அம்பியர்-மணி. சின்ன ஜப்பான் கார்களில் இருக்கும் பி19 அளவு பற்றரி பெரும்பாலும் 28க்கும் 35க்கும் இடைப்பட்டது. லைற்றைப் பூட்டித்தந்தவர் செய்தது இவ்வளவுதான்: பற்றரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், நடுவில் ஒரு டொகிள் சுவிட்ச், அங்கிருந்து லைற். பியூஸ்கூட இல்லை. இன்றைக்கும் நிறைய இடங்களில் இப்படித்தான் பூட்டிக்கொடுக்கிறார்கள், காசு வாங்கும்போது எல்லாம் எரிகிறதே.

அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நானே செய்துகொண்ட வயரிங்கைத்தான் கீழே சொல்லப்போகிறேன். இதில் சுவிட்சின் வேலை மிகச் சின்னது. சாவியை ஓஃப் பண்ணினால் லைற் தானாக நூர வேண்டும், ஹெட்லைற்றைப் போட்டாலும் தானாக நூர வேண்டும். இந்த இரண்டையும் வயரிங் சுற்றே பார்த்துக்கொள்ளும், சுவிட்ச் “இன்றைக்கு எனக்கு இந்த லைற்றே வேண்டாம்” என்று சொல்வதற்கு மட்டும். அந்தச் சுவிட்சை வருடம் முழுக்க ஓனில் விட்டாலும் பற்றரிக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

ஹெட்லைற்றோடு ஏன் நூர வேண்டும் என்று கேட்கலாம். டிஆர்எல் என்பது நமக்கு வழி காட்டும் லைற் இல்லை, எதிரே வருகிறவருக்கு நம்மைக் காட்டும் லைற். பகல் வெளிச்சத்தையும் மீறித் தெரிய வேண்டும் என்பதால் அதற்கென்றே ஒரு பிரகாசம் வைத்திருக்கிறார்கள். ஐநாவின் ஆர்87 விதிப்படி 400 முதல் 1200 கண்டெலா வரை. அதே பிரகாசம் இரவில், எதிரே ஓட்டோவில் வருகிறவரின் கண் மட்டத்தில் அடித்தால் அவர் என்ன செய்வார்? ஐரோப்பாவில் 2011 பெப்ரவரி 7இலிருந்து புதிய மாதிரிக் கார்களுக்கு டிஆர்எல் கட்டாயம், அங்கேயும் ஹெட்லைற் போட்டால் அது தானாக நூர வேண்டும் என்பது விதி. இந்த யோசனையே வெளிச்சம் குறைந்த வட நாடுகளில் தொடங்கியதுதான். சுவீடன் 1977லேயே பகலில் லைற்றைக் கட்டாயமாக்கிவிட்டது. நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனாலும் ஹைவேயிலும் மலைநாட்டு வளைவுகளிலும் இதனால் நன்மை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தொடங்குமுன் ஒன்று. உங்கள் காருக்கு டிஆர்எல் கொம்பனியிலிருந்தே வந்ததா, பிறகு வாங்கிப் பூட்டியதா என்று பாருங்கள். கொம்பனியிலிருந்து வந்ததென்றால் இந்த வேலை உங்களுக்கு இல்லை. புதிய கார்களில் அந்த லைற்றை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கவனித்துக்கொண்டிருக்கும், வயரை வெட்டி நடுவில் சுவிட்ச் வைத்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும், சில கார்களில் ஹெட்லைற் மொத்தத்தையுமே மாற்றச் சொல்லுமளவுக்குப் போகும். பிறகு வாங்கிப் பூட்டிய எல்இடி டிஆர்எல் என்றால் தாராளமாகக் கைவைக்கலாம்.

சுற்று எப்படி என்று முதலில் வாயால் சொல்லிவிடுகிறேன், இதை ஒரு கடதாசியில் கீறிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். காருக்குள் இருக்கும் பியூஸ் பெட்டியில், சாவி ஓன் ஆனால் மட்டும் கரண்ட் வரும் ஒரு பியூஸிலிருந்து பிளஸ் எடுக்கிறோம். அது சுவிட்சுக்குப் போகிறது. சுவிட்சிலிருந்து ஒரு ஐந்து கால் ரிலேயின் (கரண்ட் கொடுத்தால் தானே மாறும் சுவிட்ச்) 30ஆம் காலுக்கு. 87a என்ற காலிலிருந்து பொனற்றுக்குள் இருக்கும் டிஆர்எல்லின் பிளஸ்ஸுக்கு. ரிலேயை இழுக்கும் காந்தச் சுருளான கொயிலின் கால்கள் இரண்டில் 86, பார்க்கிங் லைற் எரியும்போது கரண்ட் வரும் பியூஸுக்கு, 85, ஏர்த்துக்கு (பற்றரி மைனஸ் கொடுத்திருக்கும் காரின் இரும்பு உடலுக்கு). அவ்வளவுதான்.

சாதாரணமாக ரிலே சும்மா கிடக்கும்போது 30உம் 87aஉம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகவே சாவி ஓன், சுவிட்ச் ஓன் என்றால் டிஆர்எல் எரியும். பார்க்கிங் லைற்றையோ ஹெட்லைற்றையோ போட்டவுடன் கொயிலுக்குக் கரண்ட் வந்து ரிலே ‘டக்’ என்று இழுக்கும், 87a விட்டுப்போகும், லைற் நூரும். ஹெட்லைற் சுவிட்சைத் திருகும்போது பார்க்கிங்தான் முதலில் எரியும் என்பதால் இரண்டுக்கும் ஒரே சிக்னல் போதும்.

ரிலே என்றாலே பெரிய கரண்டுக்குத்தானே என்று சிலர் நினைப்பார்கள். பழைய ஹலோஜன் ஃபொக் லைற்றுக்கு அது சரி, 55 வாட்ஸ் இரண்டு என்றால் 9 அம்பியர் போகும். ஒன்றரை அம்பியர் எல்இடிக்கு நல்ல சுவிட்ச் ஒன்று தாராளமாகத் தாங்கும். இங்கே ரிலே வைப்பது பாரம் தாங்க இல்லை, ஹெட்லைற்றோடு பேச வைக்க. அதனால்தான் பற்றரியிலிருந்து தனி வயர் இழுக்கவும் தேவையில்லை என்கிறேன். எல்லாம் டாஷ்போர்டுக்குக் கீழே முடிந்துவிடும், பொனற்றுக்குள் போவது ஒரேயொரு வயர்.

சாமான் வாங்க பஞ்சிகாவத்தைக்குப் போனால் எல்லாம் ஒரே வீதியில் கிடைக்கும். வயரும் மல்டிமீற்றரும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குவது என் பழக்கம், அங்கே தெரிவு அதிகம். வேண்டியவை: 12 வோல்ற் ஐந்து கால் ரிலே ஒன்று, அது குந்தியிருக்க வயரோடு வரும் சொக்கெட் ஒன்று, பியூஸ் ரப் இரண்டு, 3 அம்பியர் பியூஸ் இரண்டு மூன்று (ஒன்று போகத்தான் செய்யும்), 0.75 அல்லது 1 சதுர மில்லிமீற்றர் மென்வயர் ஒரு ஐந்து மீற்றர், சுவிட்ச், ஹீற் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி வயரை மூடுவது), கேபிள் டை, வயர் லக்ஸ், அதை நசுக்கும் குறடு. வயர் காருக்கென்று விற்பதாக இருக்கட்டும். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் ஒடிந்துவிடும், எத்தனை தரம் சொன்னாலும் “வீட்டில் மிச்சம் கிடந்தது” என்று அதைத்தான் போடுகிறார்கள்.

ரிலே வாங்கும்போது கவனமாக இருங்கள். ஐந்து கால் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில் நடுக்காலில் 87a என்று போட்டிருக்கும், மற்றதில் 87 என்றே இரண்டு கால் இருக்கும். இரண்டாவது நமக்கு உதவாது, அதில் சும்மா கிடக்கும்போது எதுவும் ஒட்டியிருக்காது. ரிலேயின் பக்கத்தில் சின்னப் படம் ஒன்று அச்சடித்திருக்கும், அதில் கோடு 87aயைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கையில் மல்டிமீற்றர் இருந்தால் கடையிலேயே 30க்கும் 87aக்கும் வைத்துப் பாருங்கள், பீப் அடிக்க வேண்டும். 85க்கும் 86க்கும் வைத்தால் 80, 90, 100 ஓம் என்று ஏதாவது காட்டும், அதுதான் கொயில். (இந்த இலக்கங்களெல்லாம் டின் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை. 30 என்றால் பற்றரி பிளஸ், 31 ஏர்த், 15 சாவி வழியாக வரும் பிளஸ். இது தெரிந்தால் ஐரோப்பியக் கார்களின் வயரிங் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.) படத்தில் கொயிலுக்குப் பக்கத்தில் அம்புக்குறி மாதிரி ஒரு டயோட் இருந்தால் 86க்குத்தான் பிளஸ், மாற்றிக் கொடுத்தால் பியூஸ் போகும். டயோட் இல்லாததற்கு எப்படிக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

பியூஸ் ரப் என்பது இருக்கிற பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருகும் சின்ன ஏற்பாடு. அதில் இரண்டு பியூஸ் போடலாம், ஒன்று பழையது, ஒன்று நம்முடையது. கொம்பனி வயரை வெட்டாமல் கரண்ட் எடுக்க இதைவிடச் சுத்தமான வழி கிடையாது, பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம். இதிலும் அளவு வேறுபாடு இருக்கிறது. ஜப்பான் கார்களில் சாதாரண மினி பியூஸும் உண்டு, கால் குட்டையான மினியும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், செருகினால் பொருந்தாது. உங்கள் காரின் பியூஸ் ஒன்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். கார் ஓட்டத் தேவையில்லாத பியூஸாகப் பார்த்துக் கழற்றுங்கள், நான் முதல் தரம் எரிபொருள் பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்தேன்.

இப்போது வேலை. பற்றரியைக் கழற்றிவிட்டுத் தொடங்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பொதுவாக அது சரியான புத்திமதியும்கூட. ஆனால் ஜப்பானிலிருந்து இறக்கிய சில கார்களில் பற்றரியைக் கழற்றினால் ரேடியோ பூட்டிக்கொண்டு கோட் கேட்கும், அந்தக் கோட் எடுக்க அலைவது தனிக் கதை. நாம் எடுப்பதெல்லாம் பியூஸ் வழியாகத்தான் என்பதால், சாவியை வெளியே எடுத்துவிட்டு, நம் 3 அம்பியர் பியூஸ்களைக் கடைசிவரை போடாமல் வைத்துக்கொண்டால் போதும். பியூஸ் இல்லாத வயரில் கரண்ட் இல்லை. உங்களுடையது ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிறத் தடித்த கேபிள்களின் பக்கம் போகவே கூடாது, அது நூற்றுக்கணக்கான வோல்ற். எந்தக் காரானாலும் மஞ்சள் நிற வயரும் மஞ்சள் கனெக்டரும் எயார்பேக்குக்கு உரியவை, அவற்றையும் தொடாதீர்கள்.

பியூஸ் பெட்டி பெரும்பாலும் சாரதியின் வலது முழங்காலுக்கு மேலே, ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் எது எதற்கென்று இருக்கும், ஜப்பானிய எழுத்தில் இருந்தால் மீற்றர்தான் துணை. மல்டிமீற்றரை 20 வோல்ற் டிசியில் வைத்துக் கறுப்பு முனையை நல்ல இரும்பு ஆணி ஒன்றில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் பியூஸ்களின் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டே போங்கள். சாவி ஓஃபில் 0, ஓனில் 12க்கு மேல் காட்டும் பியூஸ் வேண்டும். வைப்பர் பியூஸ் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ரேடியோவின் பியூஸும் வேலை செய்யும், ஆனால் அது ஏசிசியிலேயே (சாவியில் ஓனுக்கு முந்திய நிலை) வந்துவிடும். பாடசாலை வாசலில் பிள்ளைக்காகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் நேரமெல்லாம் லைற் எரியும். எயார்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர், பவர் ஸ்ரியரிங் இவற்றின் பியூஸில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

அடுத்தது பார்க்கிங் லைற்றின் பியூஸ், மூடியில் ‘டெயில்’ என்று இருக்கும். லைற்றைப் போட்டால் 12, நூர்த்தால் 0 காட்ட வேண்டும். எப்போதும் 12 காட்டினால் அந்தக் காரில் பியூஸ் காரின் சொந்த பார்க்கிங் ரிலேக்கு முன்னால் இருக்கிறது என்று அர்த்தம், வேறு இடம் தேட வேண்டும். டாஷ்போர்ட் பட்டன்களின் பின்வெளிச்சத்துக்குரிய பியூஸ் இருந்தால் அதுவும் உதவும். ஹெட்லைற்றின் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாமே என்றால், வேண்டாம். பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் ஹெட்லைற்றை ஏர்த் பக்கமாகத்தான் ஓன் ஓஃப் பண்ணுகிறார்கள், பிளஸ் எப்போதும் இருக்கும். அங்கே போய் ரிலேயைக் கொடுத்தால் டிஆர்எல் எரியவே எரியாது, ஏனென்றும் விளங்காது.

பியூஸ் ரப்பைச் செருகுவதில் ஒரு பக்கம் இருக்கிறது, இதை அநேகமாக யாரும் சொல்லித்தருவதில்லை. பியூஸைக் கழற்றி, கரண்ட் வரும் நிலையில் வைத்து, அந்த இரண்டு துவாரங்களில் எதில் 12 வோல்ற் என்று பாருங்கள். கரண்ட் வரும் பக்கம் அது. பிறகு ரப்பைக் கையில் எடுத்து, பியூஸ் எதுவும் போடாமல், மீற்றரைப் பீப்பில் வைத்து அதன் இரண்டு கால்களையும் பாருங்கள். ஒரு கால் மேலே இருக்கும் இரண்டு பியூஸ் இடங்களுக்கும் போகும், மற்றக் கால் ஒன்றுக்கு மட்டும் போகும். இரண்டுக்கும் போகும் கால்தான் கரண்ட் வரும் துவாரத்தில் நிற்க வேண்டும். மாற்றிச் செருகினாலும் லைற் எரியும், ஆனால் நம் லைற்றின் கரண்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும், அதன் தலையில் இரண்டு பாரம். மழையில் வைப்பரும் டிஆர்எல்லும் ஒன்றாக நின்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சுவிட்சுக்கு டாஷ்போர்டில் துளை போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஜப்பான் கார்களில் ஸ்ரியரிங்குக்கு வலப்பக்கத்தில் இரண்டு மூன்று வெறும் மூடிகள் இருக்கும், அவர்களின் உயர்தர மாதிரிக்கு வரும் பட்டன்களுக்கான இடங்கள். அந்த மூடியைக் கழற்றி அளந்துகொண்டு போனால் அதே அளவில் அசல் போலவே சுவிட்ச் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்த மூடியிலேயே துளை போட்டு வட்டச் சுவிட்ச் ஒன்றை வைக்கலாம், மூடி பழுதானால் மூடிதானே. வெளிச்சம் வரும் மூன்று கால் சுவிட்ச் என்றால் பித்தளை நிறக் கால் பெரும்பாலும் ஏர்த், மற்ற இரண்டில் ஒன்று வரவு, ஒன்று செலவு. எது எதுவென்று வயர் கொடுக்குமுன் மீற்றரில் பார்த்துவிடுங்கள். செலவுக்கும் ஏர்த்துக்கும் குழம்பினால் சுவிட்சை ஓன் பண்ணியவுடன் பியூஸ் போகும். இன்னொன்று, இரவில் டிஆர்எல் நூர்ந்தாலும் அந்தச் சுவிட்சின் வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருக்கும், சுவிட்ச் ஓனில் இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. என் மனைவிக்கு இதை மூன்று தரம் விளக்கிவிட்டேன்.

ரிலேயை டாஷ்போர்டுக்குக் கீழே ஏதாவது இரும்புத் தாங்கியில் ஆணியில் மாட்டுங்கள், கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். பெடல்களுக்குக் கிட்டே எந்த வயரும் தொங்கக்கூடாது, ஸ்ரியரிங் தண்டு சுழலும் இடத்திலும் கூடாது. சொக்கெட்டில் 87 என்ற காலின் வயர் நமக்கு வேண்டாம், ஆனால் அதை வெறுமனே விட்டுவிடாதீர்கள். பார்க்கிங் லைற் எரியும் நேரம் அந்த வயரில் 12 வோல்ற் இருக்கும். நுனியை வெட்டி, ஹீற் ஷ்ரிங்க் போட்டு மூடி, மடித்துக் கட்டிவிடுங்கள்.

பொனற்றுக்குள் வயர் கொண்டுபோவதுதான் இந்த வேலையிலேயே கையைக் கிழிக்கும் பகுதி. பொனற் திறக்கும் கேபிளோ பெரிய வயர்க் கட்டோ சுவரைக் கடந்து போகும் இடத்தில் தடித்த ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சின்னதாகக் குத்தி, சட்டை மாட்டும் கம்பி ஒன்றை நேராக்கி எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, அதன் நுனியில் வயரை ரேப்பால் சுற்றி மெதுவாக இழுங்கள். கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். தகரத்தில் புதுத் துளை போடாதீர்கள், அதன் ஓரம் கொஞ்ச நாளில் வயரின் தோலை அறுத்துவிடும். வந்த பிறகு வெளிப்பக்கத்தில் வயரை ஒரு ‘ப’வைக் கவிழ்க்காமல் வைத்தது போலக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே எடுங்கள், மழைத் தண்ணீர் வயர் வழியே ஓடிவந்தால் அந்த வளைவில் சொட்டி விழும், உள்ளே வராது. ஐப்பசி மழையில் சாரதியின் காலடிக் கம்பளம் நனைந்து, நாற்றம் அடித்து, காரணம் தெரியாமல் திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

எஞ்சின் பக்கத்தில் வயரை நெளிகுழாய்க்குள் விட்டு, எக்ஸோஸ்ட்டையும் விசிறியையும் விட்டு விலக்கி, இருக்கிற வயர்க் கட்டுகளோடு சேர்த்துக் கட்டுங்கள். லைற் இரண்டின் பிளஸ்ஸும் நடுவில் ஓரிடத்தில் சேரட்டும். மைனஸ்ஸை பம்பரில் கொடுத்தால் வேலைக்காகாது, அது பிளாஸ்டிக். ஹெட்லைற்றுக்குப் பின்னால் காரின் இரும்பு உடலில் கொம்பனியே ஏர்த் கொடுத்திருக்கும் ஆணி ஒன்று இருக்கும், அதைப் பயன்படுத்துவது நல்லது. வேறு ஆணி என்றால் அடியில் பெயின்ற்றைச் சுரண்டி வெள்ளி மாதிரி மினுங்கும் இரும்பைப் பாருங்கள், வளைய லக்ஸைப் போட்டு இறுக்குங்கள், மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள்.

இணைப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கொழும்பில் வயரிங் கெடுவது இங்கேதான். முறுக்கி ரேப் சுற்றுவது எஞ்சின் சூட்டில் இரண்டு மாதம் தாங்காது, பசை உருகி, ரேப் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து தொங்கும். வயரின் மேலே வைத்து நசுக்கினால் தானே குத்திப் பிடிக்கும் நீல நிறக் கிளிப் ஒன்று விற்கிறார்கள், வேலை சுலபம்தான். நான் இருப்பது மரைன் டிரைவுக்குக் கிட்ட, கடல் காற்று நாள் முழுக்க. அந்தக் கிளிப்பை ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்த்தபோது உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிக் கிடந்தது, விரலால் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. அதனால் இப்போது நான் செய்வது: வயரில் முதலில் ஹீற் ஷ்ரிங்க் துண்டை நுழைத்துவிட்டு (மறந்தால் திரும்பவும் வெட்ட வேண்டும்), குழாய் லக்ஸில் இரு பக்கமும் விட்டு, குறட்டால் இறுக்கி, இழுத்துப் பார்த்து, உள்ளே பசை இருக்கும் ஹீற் ஷ்ரிங்க்கை மேலே கொண்டுவந்து சூடு காட்டுவது. பசை இரு முனையிலும் சின்ன வளையமாக வெளியே பிதுங்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் போகாது.

பியூஸ் ஏன் 3 அம்பியர்? 20 வாட்ஸை ஓடும் எஞ்சினின் 13.8 வோல்ற்றால் பிரித்தால் ஒன்றரைக்குக் கிட்ட, அதன் இரண்டு மடங்கு. பியூஸ் காப்பது லைற்றை இல்லை, வயரை. அடிக்கடி போகிறதென்று 15 போட்டால் அடுத்து எரிவது வயர்தான். கொயிலுக்கு 200 மில்லி அம்பியர்கூட வராது, அங்கேயும் 3 தாராளம்.

பியூஸ்களைப் போட்டுப் பார்க்கும் வரிசை இது. சாவி ஓஃப், சுவிட்ச் ஓன்: எரியக்கூடாது. சாவி ஓன்: எரிய வேண்டும். பார்க்கிங்கைப் போடுங்கள்: ‘டக்’, நூர வேண்டும். திரும்ப நூர்த்தால் டிஆர்எல் வர வேண்டும். சிக்னல், பிரேக் லைற், வைப்பர், ஹோர்ன் எல்லாம் முன்போலவே வேலை செய்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். எரியாவிட்டால் கழற்றத் தொடங்காமல் மீற்றரோடு கரண்ட் போகும் வழியிலேயே போங்கள், ரப்பின் வயரில் 12 இருக்கிறதா, சுவிட்சுக்குப் பிறகு இருக்கிறதா, 87aயில் இருக்கிறதா, லைற்றின் கனெக்டரில் இருக்கிறதா. எங்கே மறைகிறதோ அங்கே பிழை. கடைசிவரை 12 வந்தும் எரியாவிட்டால் பத்துக்கு ஒன்பது தரம் ஏர்த், மிச்சம் ஒரு தரம் லைற்றின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும்.

சில டிஆர்எல் பெட்டிகளோடு ஒரு சின்னக் கறுப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வரும், பற்றரியில் நேரே கொடு, எஞ்சின் ஓடினால் தானே எரியும் என்பார்கள். பற்றரியின் வோல்ற் 13ஐத் தாண்டுவதைப் பார்த்து எஞ்சின் ஓடுகிறது என்று அது ஊகிக்கிறது. யோசனை நல்லது, ஆனால் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் புதிய சின்னக் கார்களில் பற்றரி நிறைந்ததும் ஓல்டர்னேற்றர் வேலையைக் குறைத்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ற் 12.5 வரை இறங்கும். அப்போது லைற் நூரும், பிரேக் பிடித்தால் எரியும், திரும்ப நூரும். கொழும்பு காலி வீதியில் எனக்கு முன்னால் போனவர் நான் வழி கேட்டு லைற் அடிக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிக்கொடுத்தார். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு மேலே சொன்ன சுற்றையே போடலாம். ஆனால் லைற் 12 வோல்ற்றில் நேரே எரியும் வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் எல்இடிக்கான கரண்ட் கட்டுப்பாடும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும், நேரே கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கருகிவிடும்.

லைற்றை எங்கே பூட்டுவது என்பதற்கு ஐரோப்பிய விதியையே எடுத்துக்கொள்ளலாம். நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றருக்கு மேல், இரண்டுக்கும் இடையே குறைந்தது 60 சென்ரிமீற்றர், நிறம் வெள்ளை. நீலம், சிவப்பு, மின்னி மின்னி எரிவது இதெல்லாம் வேண்டாம், பொலிஸ் மறித்தால் அது உங்கள் பாடு.

ஓட்டும்போது ஒரு விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். டிஆர்எல் எரியும்போது பின் லைற் எரிவதில்லை. பின்னேரம் நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு கொட்டும் மழையில், முன்னால் வெளிச்சம் தெரிகிறதே என்று போய்க்கொண்டிருப்பீர்கள், பின்னால் பஸ்ஸில் வருகிறவருக்கு நீங்கள் வெறும் சாம்பல் நிறம். வைப்பர் போட்டால் ஹெட்லைற்றும் போட வேண்டும் என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள், டிஆர்எல் தானாக நூர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து மூடிகளைப் பூட்டுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எந்தப் பியூஸில் ரப் இருக்கிறது, ரிலே எங்கே மாட்டியிருக்கிறது, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று எழுதி, பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நான் தமிழிலும் கீழே சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன். அடுத்த தரம் வயரிங் பாஸ் யாராவது டாஷ்போர்டைத் திறந்தால் “இது யார் செய்த வேலை” என்று திட்டிக்கொண்டே வெட்டி எறியாமல் இருப்பார்.